மினுங்கும் வாம்பயரும் இரண்டு கட்சியும்

கேள்வி: நூலகம் ஒன்றில் 14 முதல் 17 வயது வரையிலான பதினான்கு பேருக்கு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். அவர்களே ஓட்டுப் போட்டு ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவல் தொடரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெல்லா என்ற பெண், ரத்தம் குடித்து வாழும் வாம்பயரான எட்வர்டைக் காதலிக்கும் கதை. ‘புத்தகம் பிடித்ததா?’ என்று கேட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்கினேன். ஆறு பேருக்கு அது உயிர். நான்கு பாகத்தையும் மூன்று முறை படித்தவர்கள். ஐந்து பேருக்கு மொக்கை, பெண்களைக் கெடுக்கிற புத்தகம். மூன்று பேர் வாயே திறக்கவில்லை. “வெயிலில் மினுக்குதே, இது வாம்பயரா, ஜிகினாப் பொம்மையா?” என்று ஒரு பையன் கேட்டதும் ஒரு பெண் எழுந்து போய்விட்டாள். மறுநாள் ஒரு தாயார் வந்து புத்தகத்தையே எடுத்துவிடச் சொல்கிறார். யார் சொல்வது சரி? தொடரை நிறுத்திவிடலாமா? அடுத்த கூட்டத்தை எப்படி நடத்துவது?

பதில்: நிறுத்த வேண்டாம். பாதியில் நிறுத்தினால் எதிர்த்தவர்கள் ஜெயித்தார்கள், விரும்பியவர்கள் தலைகுனிந்தார்கள் என்பது மட்டும்தான் மிஞ்சும். அடுத்த ஓட்டெடுப்பில் தனக்கு உண்மையிலேயே பிடித்த புத்தகத்தின் பெயரை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

கோளாறு உங்கள் முதல் கேள்வியில் இருக்கிறது. ‘பிடித்ததா?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்ன அடுத்த நொடியே பிள்ளை ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறது. அதன்பிறகு அது பேசுவதெல்லாம் கட்சியைக் காப்பாற்றத்தான்; புத்தகம் எங்கோ போய்விடுகிறது. ‘எந்தப் பக்கத்தில் உனக்கு நம்பிக்கை வந்தது, எந்தப் பக்கத்தில் போயிற்று?’ என்று கேட்டிருந்தால் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். திறந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது அத்தனை சுலபமில்லை.

அடுத்தது, எதிர்ப்பு என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பதை அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே நான்கு தனித்தனிப் புகார்கள் கிடக்கின்றன. இது வாம்பயரே இல்லை என்பது ஒன்று. எழுத்து மோசம் என்பது இன்னொன்று. காதல் என்ற பெயரில் கட்டுப்படுத்துகிறான் என்பது மூன்றாவது. இது பெண்பிள்ளைகள் படிக்கிற சமாச்சாரம் என்பது நான்காவது. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வீசும்போது ரசிகைகளிடம் இருக்கும் ஒரே பதில் ‘ஆனால் நான் அழுதேன்’ என்பதுதான். அந்தப் பதில் உண்மைதான், ஆனால் நான்கில் எதற்கும் அது பதிலில்லை. நீங்கள் கேட்ட ‘யார் சரி’ என்பதும் இப்படித்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறது. வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்களில் யார் சரி என்று எப்படிச் சொல்வது?

நான்காவதை முதலில் கழித்துவிடலாம். அது புத்தகத்தைப் பற்றிய புகாரே அல்ல, படிப்பவரைப் பற்றியது. 2008 ஆகஸ்ட் 2 அன்று நான்காம் பாகம் ‘பிரேக்கிங் டான்’ வெளியானபோது அமெரிக்காவில் முதல் 24 மணி நேரத்தில் 13 லட்சம் பிரதிகள் விற்றன. விற்றதாலேயே அது நல்ல புத்தகம் ஆகிவிடாது. ஆனால் அத்தனை பேர் எதைத் தேடி வந்தார்கள் என்பது கேலி செய்துவிட்டுக் கடந்துபோகிற கேள்வி இல்லை. வட்டத்துக்கு ஒரே ஒரு விதி போடுங்கள்: புத்தகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கிழிக்கலாம், படிப்பவரைக் கிழிக்கக் கூடாது. ஜிகினாப் பொம்மை விதிக்குள் வரும். ‘இதையெல்லாம் படிக்கிறவங்க’ என்று தொடங்கும் வாக்கியம் வராது.

ஜிகினா பற்றி. வெயில் பட்டால் வாம்பயர் சாக வேண்டும், அதுதான் மரபு என்று அந்தப் பையன் நினைக்கிறான். அந்த மரபுக்கு வயது அவன் நினைப்பதைவிடக் குறைவு. 1819-இல் வந்த ஜான் பாலிடோரியின் கதையில் வாம்பயர் ஒரு பிரபு. உயர்குடி விருந்துகளில் சர்வ சாதாரணமாக நடமாடுகிறான். 1897-இன் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான். பகலில் அவன் சக்தி குறையுமே தவிர உயிர் போகாது. காலை வெளிச்சம் பட்டுக் காற்றில் கரைந்துபோகும் வாம்பயரை நிலைநாட்டியது 1922-இல் வந்த ஜெர்மானிய மௌனப்படமான ‘நோஸ்ஃபெராட்டு’. ஆக, அவன் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு சினிமா செய்த மாற்றத்தை. ஸ்டெஃபனி மேயர் 2005-இல் வந்த முதல் நாவலில் இன்னொரு மாற்றம் செய்தார்: வெயில் பட்டால் சாகாமல் மினுங்குவது. இதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் அந்தப் பையனை மடக்கிவிட்டோம் என்று அதோடு விட்டுவிடாதீர்கள். அவனுடைய சிரிப்புக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. அவனுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். வெயில் கொல்லாது, விலங்கு ரத்தம் போதும், மூப்பு இல்லை, சாவு இல்லை, பணத்துக்கும் குறைவில்லை. அப்படியானால் வாம்பயராக இருப்பதற்கு இவர்கள் கொடுக்கும் விலை என்ன? இதை அவனிடமே ஒப்படையுங்கள். பதில் தேட மூன்றாம் பாகமான ‘எக்லிப்ஸ்’ நாவலின் ஏழாம் அத்தியாயத்தைக் கொடுங்கள். எட்வர்டின் வாம்பயர் குடும்பத்தில் ஒருத்தியான ரோசலி தன் கதையைச் சொல்லும் இடம் அது. தனக்கு வயதாகாது, குழந்தை பிறக்காது, இதைக் கேட்டு வாங்கப் போகிறாயே என்று வாம்பயராக விரும்பும் பெல்லாவிடம் அவள் சொல்வதில் இந்தத் தொடரில் வேறெங்கும் இல்லாத கசப்பு இருக்கிறது. கிண்டல் செய்தவன் அந்த அத்தியாயத்தை மதிப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கடுத்த பாகத்தில் கதாசிரியரே அந்த விலையைத் தள்ளுபடி செய்துவிடுகிறாரே என்றும் அவன் கேட்கலாம். கேட்டால், அன்றைய கூட்டத்தின் சிறந்த விமர்சனம் அதுவாக இருக்கும்.

எழுத்து மோசம் என்ற புகாருக்கு வாதம் வேண்டாம், பென்சில் போதும். முதல் நாவலின் 13-ஆம் அத்தியாயம், அதாவது புல்வெளியில் எட்வர்ட் முதன்முதலாக வெயிலில் நிற்கும் இடம். அதில் ஏதாவது இரண்டு பக்கத்தை நகலெடுத்து இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவராக இரண்டிரண்டு பேர் சேர்த்து உட்கார வையுங்கள். அவன் தோற்றத்தைச் சொல்லும் சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு. அவள் மூச்சு, இதயம், தோல் என்று உடம்பில் நடப்பதற்கெல்லாம் வட்டம். வெளியே உண்மையில் ஏதாவது நடந்தால் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. பத்து நிமிடம் கழித்துத் தாளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கோடும் வட்டமும் நெருக்கியடிக்கும். பெருக்கல் குறி தேட வேண்டியிருக்கும். ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்றவர் கண்டது இதைத்தான். ‘மூச்சே நின்றுவிட்டது’ என்றவள் கண்டதும் இதையேதான். ஒரே தாள்.

இதற்கு மேல் ஒரு படி போகலாம். பெல்லாவின் தோற்றத்தைப் பற்றி முதல் நாவல் என்னென்ன சொல்கிறது என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். வெளிறிய தோல், பழுப்புக் கூந்தல், அடிக்கடி தடுக்கி விழுவாள். பட்டியல் சீக்கிரமே தீர்ந்துவிடும். எட்வர்டுக்கு ஒரு பக்கம் போதாது. கதைசொல்லியை ஏறக்குறைய வெற்றிடமாக வைத்து, அவள் பார்ப்பதை மட்டும் செறிவாகக் கொடுத்தால் படிப்பவள் அந்த இடத்தில் போய் நின்றுகொள்வாள். இது கைதவறிய எழுத்தா, தெரிந்தே செய்த ஏற்பாடா என்பதை அவர்கள் விவாதிக்கட்டும். என்னைக் கேட்டால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். வர்ணனை திகட்டுகிறது, மறுக்க முடியாது. அதே எழுத்தாளர்தான் ‘நியூ மூன்’ நாவலில் எட்வர்ட் விட்டுப்போன பிறகு, அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று பக்கத்துக்கு ஒரு மாதத்தின் பெயரை மட்டும் அச்சிட்டு மற்றதைக் காலியாக விட்டார். அந்தப் பக்கங்களை ஒன்றும் பேசாமல், ஒவ்வொன்றாக, மெதுவாகப் புரட்டிக் காட்டுங்கள். ‘எழுதத் தெரியாது’ என்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. யாராவது மொழிபெயர்ப்பில் படித்திருந்தால் சொல்லைச் சொல்லாக எண்ணும் பயிற்சிக்கு மூலத்தின் பக்கத்தையே கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரின் சொல்லுக்கு மேயரைத் திட்டக் கூடாது.

இனி மூன்றாவது புகார். ஒரு முழுக் கூட்டத்தையும் இதற்கு ஒதுக்க வேண்டும். ‘எட்வர்ட் மோசமானவன்’ என்று பொதுவாகப் பேசவிட்டால் ‘இல்லை, அவன் பாதுகாக்கிறான்’ என்ற பதில் வரும், கடைசிவரை இரண்டும் முட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாகப் பலகையில் நெடுக்காக மூன்று பத்தி போடுங்கள்: பாத்திரம் என்ன செய்கிறது, கதைசொல்லி அதை எப்படி எடுத்துக்கொள்கிறாள், கதை அதற்கு என்ன விளைவு தருகிறது. பிறகு குறிப்பிட்ட காட்சிகளை மட்டும் எடுங்கள்.

முதல் நாவலில் எட்வர்ட், பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இது முதல் பத்தி. 14-ஆம் அத்தியாயத்தில் அவளுக்கு இது தெரியவருகிறது. கோபப்பட வேண்டும் என்று அவளுக்கே தெரிகிறது, ஆனால் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் பெருமையாக இருக்கிறது. தூக்கத்தில் என்ன உளறினேனோ என்பதுதான் அவள் கவலை. இது இரண்டாம் பத்தி. விளைவு? ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு இரவுகளில் அவன் வருவது வழக்கமாகவே ஆகிவிடுகிறது. மூன்றாம் பத்தியில் ஒரு கோடு போடுங்கள்.

‘எக்லிப்ஸ்’ நாவலில், அவளை விரும்பும் இன்னொருவனான, ஓநாயாக மாறக்கூடிய நண்பன் ஜேக்கப்பைப் பார்க்க அவள் கிளம்பும்போது எட்வர்ட் வண்டியின் எஞ்சினில் கைவைத்து அதைக் கிளம்பவிடாமல் செய்கிறான். அவள் இதற்குக் கோபப்படுகிறாள். அன்றிரவு ஜன்னலைச் சாத்துகிறாள். பிறகு அவளே திறந்துவிடுகிறாள். அடுத்து, தான் வெளியூர் போகும் நாட்களில் அவளை வீட்டைவிட்டு நகரவிடாமல் பார்த்துக்கொள்ளத் தன் தங்கை ஆலிஸுக்கு ஒரு மஞ்சள் போர்ஷே காரை லஞ்சமாகத் தருகிறான். ஆனால் அதே பாகத்தில் அவன் இறங்கி வருகிறான், தானே வண்டியோட்டிப் போய் அவளை ஜேக்கப்பிடம் விட்டுவருகிறான். ரசிகைகள் இதைச் சொல்வார்கள். சொல்வது நியாயம், மறக்காமல் பலகையில் எழுதுங்கள்.

எட்வர்டைவிட ஜேக்கப்தான் பெல்லாவுக்கு ஏற்றவன் என்னும் ஜேக்கப் கட்சிக்காரர்கள் இதற்குள் உற்சாகமாகியிருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு காட்சி உண்டு. அதே ‘எக்லிப்ஸ்’ நாவலில் அவள் விருப்பத்துக்கு மாறாக ஜேக்கப் முத்தமிடுகிறான். அவள் அவனைக் குத்த, அவள் கைதான் உடைகிறது. விஷயம் தெரிந்ததும் அவள் அப்பா சார்லி கோபப்படவில்லை; ஜேக்கப்பைப் பாராட்டுகிறார். சார்லி அந்த ஊர் போலீஸ் தலைவர் என்பதை யாராவது ஞாபகப்படுத்தினால் அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். இருக்கட்டும், நீங்கள் எதுவும் சொல்லி நிரப்ப வேண்டாம்.

மூன்று பத்தியும் நிறைந்த பிறகு விவாதம் தானாகவே வேறு இடத்துக்குப் போகும். ஒரு பாத்திரம் தப்புச் செய்வது புத்தகத்தின் குற்றமல்ல. தப்பே செய்யாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு கதை எழுதவும் முடியாது. கதைசொல்லிக்கு அது தப்பாகப் படாததுகூடக் குற்றமில்லை. அவளுக்கு வயது பதினேழு, பதினெட்டு; முதல் காதல். கேட்க வேண்டியது மூன்றாம் பத்தியைத்தான். இவளுக்குத் தெரியாததைப் புத்தகம் தெரிந்து வைத்திருக்கிறதா? அல்லது புத்தகமும் அவளோடு சேர்ந்து மயங்கிக் கிடக்கிறதா?

மேயரே இதை ஒட்டி இரண்டு பரிசோதனை செய்திருக்கிறார், இரண்டுமே உங்களுக்குக் கைகொடுக்கும். 2015-இல் முதல் நாவலின் பாத்திரங்களைப் பால் மாற்றி ‘லைஃப் அண்ட் டெத்’ என்று எழுதினார்: பெல்லா பையனாகி ‘போ’ (Beau) என்ற பெயரிலும், எட்வர்ட் பெண்ணாகி ‘எடித்’ என்ற பெயரிலும் வருகிறார்கள். அதே காட்சியை இரண்டிலும் அடுத்தடுத்து வாசித்து எங்கே கூச்சம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிவு மட்டும் வேறு. அதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். 2020-இல் வந்த ‘மிட்நைட் சன்’ அதே கதையை எட்வர்டின் வாயால் சொல்கிறது. அங்கே உயிரியல் வகுப்பில் அவன் அவளை மட்டுமல்ல, சாட்சியே இல்லாமல் போகும்படி வகுப்பு முழுவதையும் கொல்வதற்கு மனதுக்குள் திட்டம் போடுகிறான். இரவில் அவள் அறைக்குள் நுழைவது தப்பு என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது. ‘அவனுக்குக் கெட்ட எண்ணமே இல்லை’ என்று சாதிப்பவர்களுக்கும், ‘அவன் வெறும் மிருகம்’ என்பவர்களுக்கும் இரண்டு பேருக்குமே இந்தப் பக்கங்கள் தொல்லை கொடுக்கும்.

இந்தக் கூட்டம் எங்கே தடம் புரளும் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘உன் காதலன் இப்படிச் செய்தால் ஒத்துக்கொள்வாயா?’ என்று யாராவது கேட்பார்கள். உடனே நிறுத்துங்கள். பதினான்கு பேரில் ஒருவருக்கு இது கதையாக இல்லாமல் இருக்கலாம். கேள்விகள் எல்லாமே பெல்லாவைப் பற்றித்தான் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து யாராவது தனியாக வந்து எதையாவது சொன்னால் அது வட்டத்துக்குத் திரும்ப வரக் கூடாது. பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் கொண்டு சேர்ப்பது உங்கள் வேலை. இன்னொரு இடறல் உங்களிடமிருந்தே வரக்கூடும். ‘இதெல்லாம் ஆபத்து’ என்று பெரியவர் ஒருவர் சொன்ன மாத்திரத்தில் ரசிகைகள் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் கொண்டுபோய்விடுவார்கள். ஆபத்தான காதலனைக் கதையில் ரசிப்பவள் அப்படி ஒருவனை வாழ்க்கையில் தேடுகிறாள் என்று பொருளில்லை. துப்பறியும் கதை படிப்பவர்களையெல்லாம் நாம் கொலைகாரர்களாகப் பார்ப்பதில்லையே.

உங்கள் இரண்டு கட்சியும் தொடாத ஒன்று உண்டு. இந்தத் தொடரின் மீது வைக்கப்படும் விமர்சனங்களில் எனக்கு மிகக் கனமாகப் படுவது அதுதான். ஜேக்கப்பின் இனமான குவிலியூட், கற்பனை அல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் கடலோரத்தில் லா புஷ் என்ற இடத்தில் இன்றும் வாழும் பூர்வகுடி மக்கள். ஓநாய்களிலிருந்து மனிதர்களாக மாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய தோற்றக்கதை. ரத்தம் குடிப்பவர்களோடு போரிட ஓநாயாக மாறும் வீரர்களும், பார்த்த நொடியில் ஒருத்தியோடு பிணைந்துவிடும் ‘இம்ப்ரின்டிங்’கும் மேயர் சேர்த்தவை. சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து, நாவல் சொல்வது எது, உண்மை எது என்று விளக்கப் பக்கமே தயாரித்தது. அதை அச்செடுத்து வாய் திறக்காத மூவரிடம் கொடுத்து, பத்து நிமிடம் பேசத் தயாராகி வரச் சொல்லலாம். கட்சி சேராமல் பேச அவர்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கும்.

அந்தத் தாயாருக்கு வருகிறேன். அவர் முதல் ஆளல்ல. நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் பத்துப் பெயர் பட்டியலில் 2009, 2010 இரண்டு ஆண்டும் இந்தத் தொடர் இருந்தது. ‘தப்பான புத்தகம்’ என்று அவர் சொன்னால் ‘எந்த பாகம், எந்த இடம்?’ என்று பணிவாகக் கேளுங்கள், ஏனெனில் நான்கு பாகமும் ஒரே மாதிரி இல்லை. முதல் நாவலில் முத்தத்துக்கு மேல் எதுவும் கிடையாது. இரண்டாவதில் எட்வர்டின் குரலைக் கற்பனையில் கேட்பதற்காகவே பெல்லா ஆபத்தைத் தேடிப் போகிறாள், பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். மனம் தளர்ந்திருக்கும் பிள்ளை வட்டத்தில் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான்காவதில் திருமண இரவுக்கு மறுநாள் உடம்பெல்லாம் கன்றிப்போயிருப்பதும், ரத்தக்களரியான பிரசவமும் வருகின்றன. 14 வயதுக்கு அது எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஆகவே வட்டத்தின் பாடம் முதல் நாவல் மட்டும் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றிலிருந்து நீங்கள் தேர்ந்த காட்சிகள் போதும். மொத்தம் 24 அத்தியாயம், வாரம் எட்டு வீதம் மூன்று வாரம். தன் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுக்க அந்தத் தாயாருக்கு உரிமை உண்டு. மற்ற பதின்மூன்று பேருக்கும் சேர்த்து முடிவெடுக்க இல்லை. இதைக் குரல் உயர்த்தாமல், ஒரு முறை மட்டும் சொன்னால் போதும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்துபோன பெண்ணிடம் அதற்கு முன்பே பேசுங்கள். புத்தகத்தைத் தற்காத்துப் பேசும் சுமையை அவள் தலையில் வைக்காதீர்கள். விருப்பமிருந்தால் உரக்க வாசிக்க ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு வரச் சொல்லுங்கள். கூட்டம் தொடங்கியதும் ஐந்து நிமிடம் எல்லோரும் சீட்டில் எழுதட்டும். புத்தகத்தை விரும்புகிறவர், அது தன்னைக் கைவிட்ட ஒரு பக்கத்தை. வெறுக்கிறவர், தன்னையறியாமல் தன்னைப் பிடித்து நிறுத்திய ஒரு பக்கத்தை. பக்க எண் கட்டாயம். பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம், கடிகாரத்தை மேசையில் வைத்து. 28 நிமிடம், தடுமாற்றத்துக்கு இடம் விட்டு 35. குறுக்கே பேசக் கூடாது. சந்தேகம் இருந்தால் ‘அந்த வரியை இன்னொரு முறை வாசி’ என்று மட்டும் கேட்கலாம். ‘எனக்கு அப்படி ஒரு பக்கமே இல்லை’ என்று இரு தரப்பிலும் ஒருவராவது வீம்பு பிடிப்பார். வற்புறுத்தாமல் கடைசியில் மறுபடி கேளுங்கள். மீதி நேரம் பென்சில் பயிற்சிக்கு. மூன்று பத்திப் பலகை அதற்கடுத்த வாரம். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கெட்டுவிடும்.

பக்க எண் கேட்பதற்கு இன்னொரு காரணம் சினிமா. ஐந்து படங்கள், 2008 முதல் 2012 வரை. பலர் நினைவில் நடிகர்களின் முகமும் படத்துக் காட்சியும்தான் நிற்கின்றன. கடைசிப் படத்தில் வரும் பெரிய போர் நாவலில் கிடையாது. படத்திலும் அது, வருங்காலத்தை முன்கூட்டியே பார்க்கும் சக்தியுள்ள ஆலிஸ் காட்டும் முன்காட்சிதான். நாவலில் அந்த மோதல் பேச்சோடு முடிந்துவிடுகிறது. புத்தகத்தைக் கையில் எடுக்காமல் அந்தப் போரைப் பற்றி வாதிடுகிறவரைப் பக்க எண் கேட்டே அமைதியாக்கலாம்.

என் தீர்ப்பையும் கேட்டிருந்தீர்கள். முதல் நாவல் தான் எடுத்துக்கொண்ட வேலையைச் செய்து முடிக்கிறது: பயமும் ஆசையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் பதினேழு வயதை உள்ளிருந்து காட்டுவது. நான்காவது நாவல் நழுவுகிறது. நூற்றுக்கணக்கான பக்கம் போருக்குத் திரட்டிவிட்டு, பெல்லாவுக்கு வேண்டியவர்களில் ஒருவரைக்கூட இழக்க வைக்காமல், எல்லாவற்றையும் அவள் மடியில் கொட்டிவிடுகிறது. இதைக் கூட்டம் முடியும்வரை சொல்லாதீர்கள். முதலில் சொன்னால் மூன்றாவதாக ஒரு கட்சி உருவாகிவிடும்.

இது முடிந்ததும் அடுத்த புத்தகமாக 1872-இல் வந்த ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’வை வையுங்கள். சின்ன நாவல், 16 அத்தியாயம், காப்புரிமை முடிந்துவிட்டதால் பிரதிகளுக்குச் செலவில்லை. கதை சொல்வது ஒரு பெண், அவள் மனதை இழுப்பதும் ஒரு வாம்பயர். முதல் அத்தியாயத்திலேயே, ஆறு வயதில் ஓர் இரவு தன் படுக்கையருகே வந்த உருவத்தை அவள் நினைவுகூர்கிறாள். ‘ட்வைலைட்’ முதல் நாவலின் 14-ஆம் அத்தியாயத்துக்குப் போட்ட அதே மூன்று பத்தியைப் பலகையில் அழிக்காமல் வைத்திருங்கள், பக்கத்திலேயே இதையும் எழுதலாம்.